லிஃப்டில் அந்தப் பெண் கேட்டது

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மகனைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு வரும்போது, எட்டாவது மாடிப் பெண்ணும் எங்களோடு லிஃப்டில் ஏறினாள். பட்டர்வொர்த்தில் நாங்கள் இருக்கும் ஃபிளாட்டுக்கு அவள் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இடுப்பில் குழந்தை. ஆட்டிசம் உள்ள என் மகன் வழக்கம்போல எண் பலகைக்கு நேரே நின்று ஒவ்வொரு மாடியாகச் சொல்லிக்கொண்டே வந்தான். அவள் அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் என் பக்கம் சாய்ந்து தணிந்த குரலில் கேட்டாள்.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. பாப்பாவுக்கு ஒம்பது மாசம் ஆச்சு. அடுத்த வியாழக்கிழமை கிளினிக்ல எம்.எம்.ஆர். ஊசி. எங்க அத்தை வேணாங்கிறாங்க. தம்பிக்கும் அந்த ஊசி போட்டப்புறந்தான் இப்படி ஆச்சாமே?”

“இல்லம்மா, ஊசியால இல்ல. பயப்படாம போடு” என்றேன். கதவு திறந்தது, இறங்கிப் போய்விட்டாள். சொன்ன பதில் சரிதான். ஆனால் அவள் முகம் தெளியவில்லை. தெளியாததில் ஆச்சரியமும் இல்லை. அதே பயத்தை நான் ஏறத்தாழ இரண்டு வருடம் சுமந்திருக்கிறேன். அன்று யாராவது எனக்கு இப்படி ஒரு வரியில் பதில் சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். அதனால்தான் இதை நீளமாகவே எழுதுகிறேன்.

என் மகன் 2014 நவம்பரில் பிறந்தான். தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா மூன்றையும் தடுக்கிற எம்.எம்.ஆர். ஊசியை அப்போது நம் மலேசியாவில் பன்னிரண்டு மாதத்தில்தான் போடுவார்கள். ஒன்பது மாதத்தில் ஒன்று, பன்னிரண்டில் ஒன்று என்று மாறியது 2016இல். முதல் பிறந்தநாள் முடிந்து இரண்டு வாரம் கழித்து அவனுக்கு ஊசி போட்டோம். பதினாறு மாதம் ஆவதற்குள் அவன் சொல்லிக்கொண்டிருந்த ‘ம்மா’, ‘பா’, ‘பூ’ மூன்றும் நின்றுபோயின. கூப்பிட்டால் திரும்புவதில்லை. மூன்றரை வயதில் அரசு மருத்துவமனையில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். அன்று இரவே ஃபோனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஊசி போட்ட தேதி, பேச்சு நின்ற மாதம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்தத் தாய்க்கும் என்ன தோன்றுமோ அதுதான் எனக்கும் தோன்றியது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை அது. ஆனால் விழுந்தது நம் வீட்டுப் பனம்பழம் என்றால் காக்கையைத்தான் பார்ப்போம். ஆட்டிசத்தின் அடையாளங்கள் வெளியே தெரிய ஆரம்பிக்கும் வயதும் ஊசி போடும் வயதும் ஏறத்தாழ ஒன்றே. ஊசி போட்ட ஒரு வாரத்தில் பல் முளைத்தால் ஊசியால் பல் வந்தது என்று யாரும் சொல்வதில்லை.

என் மனதை மாற்றியது எந்த மருத்துவரும் இல்லை. எங்கள் வீட்டு வீடியோ ஒன்று. 2020இல் எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது என் தம்பி பழைய வீடியோக்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தான். மகனின் முதல் பிறந்தநாள் வந்தது. சுற்றி நாற்பது பேர் கைதட்டுகிறார்கள். என் அம்மா அவன் பெயரைச் சொல்லி நான்கு முறை கூப்பிடுகிறார். நான்கு முறையும் அவன் மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனைவிட ஒரு மாதம் சின்னவளான என் நாத்தனார் மகள் கேக்கைச் சுட்டிக் காட்டி, அம்மா பார்க்கிறாளா என்று திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். அவன் ஒரு தடவைகூடச் சுட்டவில்லை. அந்த ஊசி போட இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.

நான் அழுதேன். ஆனால் அழுது முடித்தபோது ஒரு பாரம் இறங்கியிருந்தது. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இதையே ஆய்வாகச் செய்திருக்கிறார்கள் என்று பின்னால் படித்தேன். 1994இல் வெளிவந்தது. பின்னாளில் ஆட்டிசம் என்று தெரிந்த 11 குழந்தைகளின் முதல் பிறந்தநாள் வீடியோக்களையும், மற்ற 11 குழந்தைகளின் வீடியோக்களையும் சேர்த்துப் பார்த்தார்கள். மனித முகத்தைப் பார்ப்பது, சுட்டிக் காட்டுவது, பெயர் சொன்னால் திரும்புவது, இவற்றில் வித்தியாசம் அப்போதே தெரிந்தது. நாங்கள் கேக் வெட்டிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

சரி, அந்தப் பயம் முதலில் எங்கிருந்து வந்தது? 1998இல் லண்டனில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற மருத்துவர், லான்செட் என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழில் 12 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். மொத்தமே 12 பேர். தடுப்பூசி நிறுவனங்கள்மீது வழக்குப் போடத் தயாராகிக்கொண்டிருந்த வழக்கறிஞர்களிடம் அவர் பணம் வாங்கியிருந்ததையும், குழந்தைகளின் மருத்துவப் பதிவுகள் ஒரு மாதிரியும் கட்டுரை வேறு மாதிரியும் இருந்ததையும் பிரயன் டீர் என்ற பத்திரிகையாளர் வருடக்கணக்கில் தோண்டி வெளியே கொண்டுவந்தார். 2010 பிப்ரவரியில் லான்செட் அந்தக் கட்டுரையை முழுதாகத் திரும்பப் பெற்றது. அதே வருடம் மே மாதம் பிரிட்டனில் மருத்துவர் பட்டியலிலிருந்தே அவர் பெயரை நீக்கினார்கள். என் மகன் பிறப்பதற்கு நான்கு வருடம் முன்பே முடிந்துபோன விஷயம் இது. ஆனாலும் 2018இல் குடும்ப வாட்சப் குழுவில் எனக்கு வந்தது 1998இன் கதைதான். திரும்பப் பெற்ற செய்தி வந்து சேரவே இல்லை.

டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பல வருடம் பின்தொடர்ந்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். ஊசி போட்டவர்களுக்கு ஆட்டிசம் கூடுதலாக வரவில்லை. இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று. அண்ணன் அக்காவுக்கு ஆட்டிசம் இருந்த குழந்தைகளை அவர்கள் தனியாகவும் பார்த்தார்கள். அங்கேயும் ஊசியால் எந்தக் கூடுதலும் இல்லை.

அது ஏன் முக்கியம் என்றால், என் மகள் 2018 ஜனவரியில் பிறந்தாள். அவளுக்கு ஊசி போட வேண்டிய மாதத்தில் நான் கிளினிக்குக்குப் போகவில்லை. அங்கிருந்த மிஸ்ஸி (தாதி) இரண்டு முறை ஃபோன் செய்தார். காய்ச்சல் என்று ஒரு முறை, ஊரில் இல்லை என்று ஒரு முறை பொய் சொன்னேன். 2019 டிசம்பரில், சபாவில் துவாரான் பக்கம் மூன்று மாதக் குழந்தைக்குப் போலியோ என்று செய்தி வந்தது. நம் நாட்டில் 1992க்குப் பிறகு முதல் போலியோ. அன்று இரவு மகள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலை கிளினிக் திறக்கும் முன்பே வாசலில் நின்றேன். மிஸ்ஸி என்னைத் திட்டவில்லை. புத்தகத்தை வாங்கி, “வாங்கம்மா, போட்டுடலாம்” என்று மட்டும் சொன்னார். ஒரு வருடத்துக்கும் மேலாக என் மகளைத் தட்டம்மைக்கு முன்னால் வெறுங்கையோடு நிறுத்தியிருந்தேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது என் சாமர்த்தியம் இல்லை. மற்ற தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளுக்கு ஊசி போட்டிருந்ததால் அவள் தப்பினாள்.

எட்டாவது மாடிப் பெண்ணுக்கு இதையும் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். நாங்கள் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படிக்கும்போது மிஸ்ஸிமார்கள் வந்து பெண் பிள்ளைகளுக்கு மட்டும் ருபெல்லா ஊசி போடுவார்கள். எதற்கென்று அப்போது தெரியாது. கர்ப்பத்தில் ருபெல்லா வந்தால் குழந்தையின் கண், காது, இருதயம் எல்லாம் பாதிக்கும். 1964இல் அமெரிக்காவில் ருபெல்லா பரவியபோது பாதிக்கப்பட்டுப் பிறந்த 243 குழந்தைகளை நியூயார்க்கில் ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவர் ஆராய்ந்தார். மற்ற குழந்தைகளோடு ஒப்பிட்டால் அவர்களிடம் ஆட்டிசம் பல மடங்கு அதிகமாக இருந்தது. எம்.எம்.ஆரில் உள்ள மூன்றாவது எழுத்து அந்த ருபெல்லாதான். ஆட்டிசத்துக்குத் தெரிந்த காரணங்களில் ஒன்றைத் தடுக்கிற ஊசியைப் பார்த்துத்தான் நாம் ஆட்டிசத்துக்காகப் பயப்படுகிறோம்.

பயத்தோடு கூடவே காசும் போகும். ஒரு மையத்தில் என் மகனின் முடியை வெட்டி எங்கோ அனுப்பி, உடம்பில் பாதரசம் அதிகம், ஊசியில் வந்தது, மருந்து கொடுத்து வெளியே எடுக்க வேண்டும் என்றார்கள். பரிசோதனைக்கு மட்டும் ஆயிரத்து ஐந்நூறு ரிங்கிட். என் கணவர் லாரி ஓட்டுகிறார், அது எங்களுக்குச் சின்னப் பணம் இல்லை. எம்.எம்.ஆர். ஊசியில் பாதரசக் கலவை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்று எனக்கு அப்போது தெரியாது. நல்ல வேளையாக மேற்கொண்டு போகப் பணம் இல்லை. 2005இல் அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் இந்த ‘உலோகம் எடுக்கும்’ சிகிச்சையில் ஆட்டிசம் உள்ள ஐந்து வயதுப் பையன் இறந்திருக்கிறான். மருந்து அவன் இரத்தத்தில் இருந்த கால்சியத்தையும் சேர்த்து இழுத்துவிட்டது. அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஊசிப் பயத்தைவிட எங்கள் வீட்டை அதிகம் புண்படுத்தியது வேறொன்று. அதைப் பற்றி நம் ஆட்கள் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

மகனுக்கு நான்கு வயதில் பேச்சுப் பயிற்சிக்கு ஒரு தனியார் இடத்துக்குப் போனோம். வீட்டில் என்ன மொழி என்று கேட்டார்கள். தமிழ், கொஞ்சம் மலாய், கார்ட்டூனில் ஆங்கிலம் என்றோம். “அதுதான் பிரச்சினை. மூன்று மொழியில் மூளை குழம்பிப் பேச்சு வராமல் போய்விட்டது. இனிமேல் ஆங்கிலம் மட்டும்” என்றார்கள். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து சட்டம் போட்டுவிட்டேன், தமிழே கூடாது என்று.

என் அம்மா எங்களோடுதான் இருக்கிறார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தமிழைத் தவிர பாசாரில் பேரம் பேசும் அளவுக்கு மலாய் தெரியும். அவ்வளவுதான். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்தான் மகனை ஃபெர்ரியில் பினாங்குக்குக் கூட்டிக்கொண்டு போய் வருவார். “அதோ பாருய்யா கப்பல், அதோ பாரு கொக்கு, பாலம் பாரு” என்று போகும் வழியெல்லாம் பேசிக்கொண்டே இருப்பார். அவன் பதில் சொல்ல மாட்டான், ஆனால் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டே நிற்பான். நான் சட்டம் போட்ட பிறகு அம்மா அவனோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். தான் வாய் திறந்தால் பேரனின் மூளை கெட்டுவிடும் என்று நம்பினார். ஃபெர்ரியில் போவார்கள், வருவார்கள். கையை மட்டும் பிடித்திருப்பார். இரண்டு வருடம்.

நானும் தட்டுத் தடுமாறி ஆங்கிலத்தில் “கம், ஈட், சிட், நோ” என்று கட்டளைகளாகவே பேசினேன். கொஞ்சத் தெரியாது, கதை சொல்லத் தெரியாது, தாலாட்டத் தெரியாது. ஏற்கெனவே பேச்சுக் குறைந்த பிள்ளையின் காதில் விழுந்த பேச்சையும் நான் குறைத்துவிட்டேன்.

பிறகு அரசு மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சிக்கு முறை வந்தது. அங்கிருந்த இளம் மலாய்க்காரப் பெண் முதல் நாளே கேட்டார், “உங்களுக்கு எந்த மொழியில் அன்பாகப் பேச வரும்?” தமிழ் என்றேன். “அப்படியென்றால் தமிழில் பேசுங்கள்” என்றார். 2012இல் கனடாவில் ஆட்டிசம் உள்ள 75 குழந்தைகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு மொழி கேட்டு வளர்ந்தவர்களைவிட இரண்டு மொழி கேட்டு வளர்ந்தவர்கள் பேச்சில் கூடுதலாகப் பின்தங்கவில்லை. பல மொழி பேசும் வீடு ஆட்டிசத்தைக் கொண்டுவருவதும் இல்லை. அப்படிக் கொண்டுவந்தால் பினாங்கில் யாருமே மிஞ்சியிருக்க முடியாது.

அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். “பேசலாமா? நெசமாவா?” என்று கேட்டார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். மகன் இப்போது தமிழ்ப்பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பில் படிக்கிறான். வயது பதினொன்று. நிறையப் பேச மாட்டான். பேசும்போது என் அம்மாவின் தோட்டத்துத் தமிழில் பேசுகிறான்.

மகனின் ஆட்டிசத்துக்கு என்று சொல்லப்பட்ட மற்ற காரணங்கள் எல்லாம் இதே வழியில் வந்தவைதான். 2014 அக்டோபர் 8 சந்திர கிரகணம். ஏழு மாதம் தாண்டிய வயிற்றோடு நான் பிறை என்ற ஊரில் தொழிற்சாலைப் பேருந்துக்காக வெளியே நின்றேன். என் மாமியாருக்கு இன்றுவரை அதுதான் காரணம். பிரசவத்துக்குப் பிறகு பந்தாங் (பத்தியம்) சரியாக இருக்கவில்லை, இரவு ஷிப்ட் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆண்ட்டியிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனாள், ஃபோனைக் கையில் கொடுத்தாள் என்று பட்டியல் நீளும். 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபரே கர்ப்பத்தில் பனடோல் (பாராசிட்டமால்) சாப்பிடாதீர்கள் என்று சொன்ன பிறகு, நான் எத்தனை பனடோல் சாப்பிட்டேன் என்றும் ஒரு விசாரணை நடந்தது. ஸ்வீடனில் சுமார் 25 லட்சம் பிள்ளைகளை வைத்து 2024இல் வெளியான ஆய்வில், ஒரே தாய்க்குப் பிறந்தவர்களை ஒப்பிட்டபோது பனடோலுக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. ஃபோனைப் பற்றி ஒன்றுதான் சொல்வேன். ஆட்டிசத்தை மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்திய மனநல மருத்துவர் லியோ கன்னர் 1943இல் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதியபோது அவர்கள் கையில் ஃபோன் இல்லை, வீட்டில் தொலைக்காட்சிகூட இல்லை. ஃபோனைக் குறைப்பது தூக்கத்துக்கும் பேச்சுக்கும் நல்லது. குறைத்தேன். ஆட்டிசத்தைக் கொண்டுவந்தது அது இல்லை.

இந்தக் காரணங்களை வரிசையாகப் பார்த்தால் எல்லாம் பெண்ணிடம்தான் வந்து முடிகின்றன. அவள் சாப்பிட்டது, நின்றது, போனது, பேசியது. இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. சிகாகோவில் புரூனோ பெட்டல்ஹெய்ம் என்பவர் 1967இல், அன்பில்லாத தாய்தான் பிள்ளையை அப்படி ஆக்குகிறாள் என்று புத்தகமே எழுதினார். ஒரு தலைமுறைத் தாய்மார்கள் அந்தப் பழியோடு வாழ்ந்தார்கள். அதற்கு மூன்று வருடம் முன்பே, 1964இல், பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர் இது மூளையின் விஷயம், தாயின் அன்பின் விஷயம் இல்லை என்று வாதாடியிருந்தார். அவர் மகனுக்கும் ஆட்டிசம். வீட்டில் அந்தப் பிள்ளையின் தாயைத் தினமும் பார்த்த மனிதர் அவர்.

அப்படியென்றால் காரணம்தான் என்ன? ஞாயிற்றுக்கிழமை எட்டாவது மாடிக்கு இறங்கிப் போனபோது அந்தப் பெண்ணின் மாமியார் என்னிடம் நேராகக் கேட்டது இதைத்தான். “எதுவும் இல்லன்னா எப்படிம்மா? எதனாலயோ வந்துதானே இருக்கணும்?”

நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 1977இல் பிரிட்டனில் 21 ஜோடி இரட்டையர்களைப் பார்த்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இருவருக்கும் ஆட்டிசம். தனித்தனிக் கருவில் உருவான 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. 2019இல் ஐந்து நாடுகளில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்த ஆய்வில் மரபின் பங்கு 80 விழுக்காடு அளவில் வந்தது. ஒரு மரபணு இல்லை, நூற்றுக்கணக்கானவை. சில மாற்றங்கள் தாயிடமும் தந்தையிடமும் இல்லாமல் கருவில் புதிதாகவே வரும். பெற்றோரின் வயது கூடுவது, குறைமாதப் பிறப்பு, வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட் மருந்தைக் கர்ப்பத்தில் சாப்பிடுவது, இவையும் வாய்ப்பைக் கூட்டும். வலிப்பு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் அந்த மருந்தை நிறுத்தவும் கூடாது. எப்படிப் பார்த்தாலும் இது பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

“எங்க பரம்பரையில யாருக்கும் கிடையாது” என்று என் வீட்டிலும் சொன்னார்கள். ஆனால் என் தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்தார். நிபோங் திபால் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டினார். தன் நிரையில் எத்தனை மரம், எந்த மரத்து மங்கில் எவ்வளவு பால் இறங்கும் என்று ஒவ்வொன்றாகத் தெரியும். ஒரே தட்டில்தான் சாப்பிடுவார், ஒரே பாதையில்தான் நடப்பார். யாரோடும் பேச மாட்டார். கல்யாணம் ஆகவில்லை. லயத்தில் எல்லாரும் ‘ஊமையன்’ என்றே கூப்பிட்டார்களாம். அவருக்கு ஆட்டிசம் என்று நான் முத்திரை குத்த முடியாது, அவரைப் பார்த்த மருத்துவர் யாரும் இல்லை. ஆனால் “அந்தக் காலத்தில் இதெல்லாம் ஏது?” என்று யாராவது கேட்டால் எனக்கு அவர் ஞாபகம்தான் வருகிறது. அவரைப் போன்றவர்கள் இருந்தார்கள். பெயர்தான் இல்லை.

அந்த அம்மா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எனக்கு மைலோ கலக்கிக் கொண்டுவந்து வைத்தார். “ஊசி போட்டா காய்ச்சல் வருமா?” என்றார். ஒரு வாரம், பத்து நாள் கழித்து லேசாக வரலாம், உடம்பில் கொஞ்சம் தடிப்பும் வரலாம், போய்விடும் என்றேன். பதினெட்டு மாதத்தில் கிளினிக்கில் ஒரு கேள்வித்தாள் கொடுப்பார்கள், பிள்ளை சுட்டிக் காட்டுகிறதா, கூப்பிட்டால் திரும்புகிறதா என்றெல்லாம் கேட்பார்கள், அதை உள்ளது உள்ளபடி நிரப்பச் சொல்லுங்கள் என்றும் சொன்னேன். மகனுக்கு அந்தத் தாளை நிரப்பியபோது எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ போட்டவள் நான். அதனால் எங்களுக்கு இரண்டு வருடம் போனது.

வியாழக்கிழமை அந்தப் பெண்ணின் கணவருக்கு லீவு கிடைக்கவில்லையாம். நான் ஷிப்ட் மாற்றிக்கொண்டு கூடப் போகிறேன்.

நேற்று லிஃப்டில் இறங்கும்போது மகன் எண்களைச் சொல்லிக்கொண்டே வந்தான். பத்து, ஒன்பது. எட்டு வந்ததும் நிறுத்தி, “பாப்பா வூடு” என்றான். என் அம்மா, “ஆமாய்யா, பாப்பா வூடுதான்” என்றார். “ஏழு” என்றான்.